தவத்தின் கொப்பியில் இருந்த 'ஐயோ'

திரை பட்டென்று கறுத்தது. பெட்டிக்குள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு தானாகவே விசிறி சுழன்று, வெள்ளை எழுத்துகள் ஓடி, ஒன்றுமே நடக்காத மாதிரி அந்தக் கம்ப்யூட்டர் மறுபடி எழும்பி வந்தது. நான் தட்டி வைத்திருந்த சத்தியக்கடதாசியில் இரண்டரைப் பக்கம் போய்விட்டது.

"ஐயோ!" என்றேன். வீடு கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

பக்கத்து அறையில் ஒரு கதிரை அசைந்தது. அவ்வளவுதான். தவம் வெளியே வந்து "என்ன அக்கா?" என்று கேட்கவில்லை. அவள் கேட்காததையும் நான் மனதுக்குள் குறித்து வைத்தேன்.

இந்தப் பக்கத்தைக் கிழமைக்குக் கிழமை படிக்கிறவர்களுக்கு என் குணம் இதற்குள் பழகியிருக்கும். நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. "உங்களுக்கு யாரையாவது பிடிக்குமா?" என்று ஒரு வாசகி போன கிழமை எழுதிக் கேட்டிருந்தா. பிடிக்கும், பிள்ளை. பிடிக்கிறது வேறு, நம்புறது வேறு. இன்றைக்குச் சொல்லப்போகும் கதையில் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

பஸ்ஸுக்குள் ஒரு பை

அப்போது சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையின் கடைசியில், மேல்மாடியில் தனியாக இருந்தேன். யன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் இருந்த இரண்டு சட்டத்தரணிகளுக்கு வீட்டில் இருந்தபடி தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சத்தியக்கடதாசி, பிறப்புச் சாட்சிப்பத்திர மொழிபெயர்ப்பு, விசாவுக்குப் போகும் கடிதங்கள். அந்த நாளில் கொழும்புத் தமிழருக்குச் சோற்றைவிடக் கடதாசிதான் கூடத் தேவைப்பட்டது.

சந்தேகப்படுவது எனக்கு மட்டும் உரிய வியாதியும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் முதலில் ஆசனத்துக்கு அடியில்தான் குனிந்து பார்ப்போம். ஒருநாள் பம்பலப்பிட்டி தாண்டும்போது என் ஆசனத்துக்கு அடியில் ஒரு நீலப் பையைக் கண்டேன். கண்டதும் கத்தினேன். டிரைவர் பிரேக் அடித்தார், சனம் யன்னலால் எல்லாம் குதித்தது, ஒரு ஐயாவின் மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. வீதியில் நிற்கும்போதுதான் என் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. அது என்னுடைய சாப்பாட்டுப் பை. புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும்.

யாருடைய பை என்று கண்டக்டர் சிங்களத்திலும் தமிழிலும் கேட்கக் கேட்க, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்தே வீட்டுக்குப் போனேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

தவம் வந்த கிழமை

தவமணி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். முப்பது வயது மட்டில் இருக்கும். கல்யாணம் கட்டி மூன்றாம் மாதமே புருஷன் சுவிஸுக்குப் போய்விட்டான். அவனிடம் போவதற்கு எம்பசியின் நேர்முகத்துக்காகக் கொழும்பில் காத்திருந்தாள். இரண்டு வருஷமாக ஒரு வீடு மாறி இன்னொரு வீடு. கடைசியில் தெரிந்த ஆள் ஒருவர் சொல்லி என்னிடம் வந்தாள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிஸில் கொடுக்க வேண்டும். அதில் 'உறவு' என்று ஒரு நிரல். தவம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, சொந்தம் எண்டு போடுவியளோ? செக்கிங்கில கேட்டால் லேசாய் இருக்கும்."

"பொய் எழுதிக் கையெழுத்து வைக்க என்னால ஏலாது, தவம். நான் சட்டத்தரணியளோட வேலை செய்யிறனான்" என்றேன். 'வாடகைக்கு இருப்பவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சட்டம் சும்மா ஒரு சாட்டு. நாளைக்கு இவளுக்கு ஒன்றென்றால் என் தலையில் விழக்கூடாது என்பதுதான் உள்ளுக்குள் இருந்த எண்ணம்.

அவளுக்கு அறை வேண்டும் என்பதால் அங்கே இருந்த கம்ப்யூட்டர் மேசையை ஹோலுக்கு, கடல் பக்கத்து யன்னலுக்குக் கீழே மாற்றினேன். அந்தக் கிழமையே கம்ப்யூட்டர் இப்படி அணைந்து அணைந்து விழத் தொடங்கிவிட்டது. ஒரே கிழமையில் தவமும் வந்தாள், கோளாறும் வந்தது. பிறகென்ன, எனக்குக் கணக்குச் சரியாய்ப் போயிற்று.

மருதானை வைத்தியம்

அந்தப் பெட்டியை எனக்கு விற்றவர் நிஸாம் நானா. மருதானையில் ஒரு படிக்கட்டுக்குக் கீழே அவருடைய கடை. வாய் ஓயாது, கையும் ஓயாது.

முதல்முறை தூக்கிக்கொண்டு போனபோது திறந்து பார்த்து, "சூட்டுக்குத்தான் இப்பிடி, தூசி தூசியா இருக்கே" என்று விசிறியைத் துடைத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் மறுபடி விழுந்தது. அடுத்தமுறை ராம் என்கிற சின்னத் தகட்டைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்தார். அதற்குப் பிறகு வைரஸ் பார்த்தார். பிறகு பவர் சப்ளையையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் அவருடைய கடையில் அது இரண்டு நாள், மூன்று நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். என் வீட்டுக்கு வந்தால் போச்சு.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல தங்கச்சி. உங்க வீட்டுலதான் என்னமோ இருக்கு. எப்ப எப்ப விழுகுது, அந்த நேரம் என்ன நடக்குது, எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதி வைங்க. மோட்டர் போட்டாங்களா, மழையா, எல்லாத்தையும்."

'உங்க வீட்டுலதான்' என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. என் வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறது?

கொப்பி வாங்கினேன். மழையும் எழுதவில்லை, மோட்டரும் எழுதவில்லை. நான் எழுதியது இப்படி: 'தவம் 5.10க்கு வெளியே. 5.35க்குத் திரும்பினாள். 5.44 விழுந்தது. தவம் அறைக்குள். கதவு சாத்தி.' அடுத்த நாள்: 'தவம் குசினிக்குள் தண்ணீர் குடித்தாள். மேசைப் பக்கம் பார்த்தாள். 5.45 விழுந்தது.' என்ன கடதாசி தட்டுகிறேன் என்று யாருக்காவது பார்த்துச் சொல்கிறாளோ, நான் குளிக்கப் போனால் பெட்டியை நோண்டுகிறாளோ என்று என் மண்டை ஓடாத ஓட்டம் இல்லை. ஒருமுறை விசைப்பலகையின் மேல் ஒரு தலைமயிரை வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மயிர் இல்லை. யன்னல் திறந்திருந்தது, கடல்காற்று அள்ளிக்கொண்டு வந்தது. அதையும் நான் காற்று என்று எழுதவில்லை.

நான் கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் தவம் தன் அறைக்குள் போய்விடுவாள்.

இரண்டு கொப்பி

கடைசியில் அவளுக்கு நேர்முகத் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முதலாக அவள் சிரித்ததைக் கண்டேன். அந்த வெள்ளிக்கு முந்தின புதன் விடியற்காலை எங்கள் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு.

அடையாள அட்டை, படிவம், அலுமாரி, அரிசி வாளி, எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. போகப்போகிறார்கள் என்று நான் மூச்சு விடும்போது, தவத்தின் தோள்பைக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்தான் ஒரு பொலிஸ்காரன். பாஸ்போட்டும் நேர்முகக் கடிதமும் அந்தப் பைக்குள்தான்.

அவர்களோடு தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன் வந்திருந்தார், மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் மனுஷன். அவர் கொப்பியைப் பிரித்து வாசித்தார்.

"திங்கள், 5.44, நிற்காத ரயில், கோட்டை ஸ்டேஷன் பக்கமிருந்து. ஐயோ. செவ்வாய், 5.45, நிற்காத ரயில். ஐயோ. வியாழன், 5.43, நிற்காத ரயில். ஐயோ." நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஐயோ எண்டா என்ன?"

அந்தக் காலத்தில், கொழும்பில், ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, ரயில் போகும் நேரத்தை நிமிஷக் கணக்கில் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். கடவுளே, அதுக்குப் பிறகு என்ன சொல்ல இருக்கிறது?

"இது யாருட கொப்பி?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது. அவ வாடகைக்கு இருக்கிறவ" என்றேன்.

சொல்லிவிட்டு ஒரு அடி பின்னால் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சொன்னதுகூடப் பரவாயில்லை, பயத்தில் யாரும் சொல்வார்கள். நான் நம்பினேன். முழுசாக ஒரு நிமிஷம், இவள் அப்படிப்பட்டவள்தான் என்று நம்பினேன்.

தவம் வாய் திறந்தாள். "அக்காட கம்ப்யூட்டர் விழுற நேரம், சேர். விழேக்க அக்கா கத்துவா. அதான் ஐயோ."

சார்ஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹோல் மேசையில் கிடந்த என் கொப்பியையும் எடுத்துப் பிரித்தார். அதையும் உரக்கத்தான் வாசித்தார். "தவம் 5.10க்கு வெளியே. 5.35க்குத் திரும்பினாள். தவம் அறைக்குள். கதவு சாத்தி. தவம் தண்ணீர் குடித்தாள்." ஒரு பக்கம் முழுக்க வாசித்தார். தவம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஆள் கோச்சி போறதப் பாக்குது, மத்த ஆள் அந்த ஆளப் பாக்குது" என்றார் சார்ஜன். "நல்ல வீடு." இரண்டு கொப்பியையும், தோள்பையையும், தவத்தையும் கொண்டுபோனார்கள்.

ஓட்டோவில் போன சாட்சி

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள். பாஸ்போட் பொலிஸில். அந்த நேர்முகம் தவறினால் இன்னும் எத்தனை வருஷமோ, ஒருவேளை இல்லவே இல்லையோ. அதைவிட மோசமாகவும் நடக்கலாம். அப்படி உள்ளே போன சிலருடைய தாய்மாருக்கு நானே சத்தியக்கடதாசி தட்டிக் கொடுத்திருக்கிறேன்.

நிஸாம் நானாவுக்கு டெலிபோன் எடுத்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். "அழாதீங்க தங்கச்சி. பெட்டியத் தூக்குங்க, நான் வாறேன்" என்றார். வேறு ஒருவராக இருந்தால் தனக்கேன் வம்பு என்று டெலிபோனை வைத்திருப்பார். அந்த மனுஷன் மூன்று செக் பொயின்ட் தாண்டி வந்தார். ஓட்டோவில் பெட்டி என் மடியில், திரை அவர் மடியில்.

பொறுப்பதிகாரி சிங்களவர், நரைத்த மீசை, களைத்த முகம். நானா சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். அதிகாரி தன் மேசைப் பக்கத்துச் சுவர் பிளக்கைக் காட்டி, போட்டுக் காட்டச் சொன்னார்.

போட்டோம். கம்ப்யூட்டர் எழும்பி வந்தது. நான் ஒரு பக்கம் தட்டினேன். இரண்டு பக்கம் தட்டினேன். மூன்று மாதமாக என் உயிரை வாங்கின சனியன், அன்றைக்குப் பார்த்து அசையவில்லை! கண் வெட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழு, விழு, பாழாய்ப்போனதே, விழு. பதினொரு மணிக்குப் போட்டது, ஒரு மணியாகியும் குத்துக்கல்லாட்டம் நின்றது.

"ஏக்க ஹொந்தட்ட வெட கரனவனே" என்றார் அதிகாரி. நல்லாகத்தானே வேலை செய்கிறது என்று. குரலில் பொறுமை தீர்ந்திருந்தது.

அப்போது வாங்கில் இருந்த தவம் எழும்பினாள்.

"சேர், இங்க விழாது. வீட்டிலதான் விழும். நிற்காத ரயில் போகேக்க மட்டும்தான் விழும். பின்னேரம் கோட்டையில இருந்து வாற ஒண்டு வெள்ளவத்தையில நிற்காமல் போகும். ரெண்டு கிழமையாய்ப் பதினொரு தரம் எழுதியிருக்கிறன், பதினொரு தரமும் அதுதான். மழையெண்டால் விழாதோ எண்டும் பார்த்தனான், மோட்டர் போட்டால் விழுமோ எண்டும் பார்த்தனான். இல்லை. ரயில்தான்."

சார்ஜன் சிங்களத்தில் சொல்லத் தொடங்குமுன் ஒருகணம் நின்றார். அவள் என்ன சொல்லிவிட்டாள் என்பது அவருக்கு விளங்கியது. எந்த ரயில் எங்கே நிற்காமல் எத்தனை மணிக்குப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று, பொலிஸுக்குள் நின்றுகொண்டு சொல்கிறாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. தப்ப வைக்கிறதும் அதுதான், மாட்ட வைக்கிறதும் அதுதான்.

"நீங்கள் ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?" என்று என் வாயில் வந்துவிட்டது. பதற்றத்தில், நான் அவளை வழக்கமாகச் சொல்லும் 'நீர்' போய் 'நீங்கள்' வந்தது.

"சொன்னால் நம்பமாட்டியள் எண்டு, அக்கா. இருபது தரம் வரட்டும், பிறகு காட்டுவம் எண்டு இருந்தனான்."

அதிகாரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு சார்ஜனிடம், பின்னேரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார், விழாவிட்டால் திரும்பக் கொண்டுவா என்றார்.

5.44

ஐந்தரை மணிக்கு எங்கள் ஹோலில் ஐந்து பேர். சார்ஜன், துவக்கோடு ஒரு பொலிஸ்காரன், நிஸாம் நானா, தவம், நான். கம்ப்யூட்டர் பழைய இடத்தில், யன்னலுக்குக் கீழே. பிளேன்டீ ஊற்றினேன். சீனி மேசையெல்லாம் கொட்டியது.

"சும்மா இருக்காதீங்க, எப்பவும் மாதிரித் தட்டுங்க" என்றார் சார்ஜன். தட்டினேன்.

5.44 வந்தது, போனது. ரயில் இல்லை. 5.50. நின்று போகும் ரயில் ஒன்று வந்து நின்று போனது, கம்ப்யூட்டர் அசையவில்லை. பொலிஸ்காரன் கொட்டாவி விட்டான். 5.55. சார்ஜன் தொப்பியை எடுத்தார். நிஸாம் நானா ஏதோ ஓதுவது கேட்டது. தவம் மட்டும் தன் அறைக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருது" என்றாள்.

முதலில் தேத்தண்ணிக் கிளாசுகள் கிணுகிணுத்தன. பிறகு நிலம். பிறகு அந்த ரயில் ஊளையிட்டுக்கொண்டு யன்னலைத் தாண்டிப் பறந்தது. திரை பட்டென்று கறுத்தது.

"ஐயோ!" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் நான் தட்டியிருந்தது குப்பைதான். பழக்கத்தில் தன்பாட்டில் வந்தது. சார்ஜன் என்னைப் பார்த்து, தவத்தைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "அல்லாவே, இதுதானா அந்த ஐயோ!" பொலிஸ்காரனும் சிரித்தான், நானாவும் சிரித்தார், நானும் அழுதழுது சிரித்தேன். தவம் சிரிக்கவில்லை.

நானா மேசையை இழுத்து அதற்குப் பின்னால் குனிந்தார். சுவர் பிளக்கில் மல்டிபிளக், அது ஆடாமல் இருக்க ஓட்டைக்குள் செருகிய ஒரு பாதித் தீக்குச்சி. விரலால் தட்டினார், திரை கறுத்தது. இன்னொருமுறை தட்டினார், மறுபடியும் கறுத்தது. நிலம் அந்த அளவுக்கு ஆடினால் தொடுப்பு ஒரு கணம் விட்டுப்போகும், உடனே பிடித்துக்கொள்ளும்.

"தீக்குச்சிய யாரு செருகினது?" என்றார்.

நான்தான். தவத்துக்கு அறை கொடுக்க மேசையை மாற்றிய அன்றைக்கு, பிளக் லொடலொடவென்று ஆடியபோது, நெருப்புப்பெட்டியில் இருந்து ஒன்றை எடுத்து முறித்துச் செருகினேன். செருகினதே மறந்துபோயிற்று. பஸ்ஸில் போல இந்த முறை நான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. "நான்தான்" என்று சொன்னேன். அதுவும் மெதுவாகத்தான் சொன்னேன்.

படிவம்

பையும் பாஸ்போட்டும் அன்றைக்கே கைக்கு வந்தன. கொப்பிகளைத் தரவில்லை. சார்ஜன் போன பிறகு தவத்தின் அறை வாசலில் போய் நின்றேன்.

"தவம், நான் எழுதினது..."

"நீங்கள் எழுதினதில பிழை இல்லை அக்கா" என்றாள், உடுப்பு மடித்தபடி. "நேரமெல்லாம் சரியாய்த்தான் எழுதியிருந்தியள்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். படிவத்தை மாற்றிச் சொந்தம் என்று எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். இனித் தேவையில்லை என்றாள். வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் பெட்டியோடு வெளிக்கிட்டாள். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு அறை கிடைத்திருக்கிறதாம். எந்தத் தெரு, யார் வீடு என்று சொல்லவில்லை. கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. சில மாதம் கழித்து ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் கண்ட ஒருத்திதான், விசா கிடைத்துப் புருஷனிடம் போய்விட்டாள் என்று சொன்னாள்.

நானா புதுப் பிளக் போட்டுத் தந்தார், ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாளும் விழவில்லை. பின்னேரங்களில் நிற்காத ரயில் போகும், கிளாசுகள் கிணுகிணுக்கும், நான் தட்டிக்கொண்டே இருப்பேன்.

தவம் என் வீட்டை விட்டுப் போன மறுநாள், ஆள் குறைந்ததை அறிவிக்கப் பொலிஸுக்குப் போயிருந்தேன். அதே சார்ஜன்தான் மேசையில். படிவத்தை எடுத்து அவளுடைய பெயரின் மேல் கோடு இழுத்துவிட்டு, பேனையோடு என்னைப் பார்த்தார்.

"எங்க போனது? விலாசம் எழுதணும்."

"தெரியாது" என்றேன்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"என்ன மிஸ், அவங்க தண்ணி குடிச்சது வரைக்கும் எழுதி வச்சிருந்தீங்களே?"